முடக்குவாதம் வந்தபின் அதே வியாதி உள்ளவர்களைப் போனில் துணைக்குத் தேடுவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி மாதம் காலை நாலரை மணிக்கு எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கும். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். நான் அந்த நேரத்தில் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, விரல் மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடப்பேன். எனக்கு ருமட்டாய்ட் முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் வியாதி. ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள். வந்து நாலு வருஷம் ஆகிறது.

இந்த வியாதியில் வலியைவிட, அது வெளியே தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்னும். மத்தியானம் பார்ப்பவர்களுக்கு நன்றாகத்தான் இருப்போம். "காலையில மட்டும் எப்படிம்மா முடியாம போகுது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல், அதே வியாதி உள்ள யாராவது கிடைப்பார்களா என்று போனில் தேட ஆரம்பித்தேன். முதல் எட்டு மாதம் தவறான இடங்களில் அலைந்தேன். பணமும் போனது, உடம்பும் கெட்டது. பிறகு கிடைத்தவர்கள் இன்று எனக்கு உறவுக்காரர்கள் மாதிரி. புதிதாக வருகிறவர்கள் அந்த எட்டு மாதத்தைக் கழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேறு நீண்டநாள் வியாதி உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழி பொருந்தும்.

1. முதலில் வியாதியின் பெயரை எழுத்தில் வாங்குங்கள்

இதைச் செய்யாமல் எந்தக் குழுவிலும் சேராதீர்கள். "மூட்டு வலி" என்ற பெயரில் இயங்கும் குழுக்களில் முழங்கால் தேய்மானம் உள்ளவர், யூரிக் ஆசிட் உள்ளவர், சிக்குன்குனியா வந்து போனபின் வலி விடாதவர் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். அவர்களுக்குச் சரியான யோசனை உங்களுக்குச் சரியாக இருக்காது. யூரிக் ஆசிட்காரர் சொன்னதைக் கேட்டு நான் மூன்று மாதம் பருப்பையும் மீனையும் விட்டேன். என் வியாதிக்கு அது தேவையே இல்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

காலையில் எழுந்ததும் கை கால் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகள் வீங்கினால், வாத நோய் சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமாக எழுதும் ரத்தப் பரிசோதனைகள் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. தனியார் லேபில் கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் நான் கொடுத்தது 1,300 ரூபாய். அரசு மருத்துவமனையில் காட்டினால் எது அங்கேயே எடுப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு, மீதியை மட்டும் வெளியே எடுங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று வந்தாலும் இந்த வியாதி இருக்கலாம். அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

சீட்டில் வியாதியின் பெயரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள். சீட்டு, ரிப்போர்ட், எக்ஸ்ரே, மருந்துக்கடை பில் எல்லாம் தேதிவாரியாக ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

2. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள்

பேச ஆள் வேண்டுமா, தகவல் வேண்டுமா, மருத்துவமனைக்குக் கூட வர ஆள் வேண்டுமா? மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. எனக்கு வேண்டியிருந்தது காலை நாலரை மணிக்கு விழித்திருக்கும் ஒரு ஆள். அது தெரியாமல் ஆயிரம் பேர் உள்ள குழுக்களில் போய் உட்கார்ந்திருந்தேன்.

3. தேடலை ஆஸ்பத்திரி பெஞ்சில் தொடங்குங்கள்

எனக்கு நல்ல குழு கிடைத்தது போனில் தேடி அல்ல. தஞ்சாவூரில் ரிவ்யூவுக்கு, அதாவது மருத்துவரை மறுபடி பார்க்கும் நாளில், காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தண்ணீர் பாட்டில் மூடியைச் சேலைத் தலைப்பால் சுற்றி, விரலால் திருகாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருப்பினார். நானும் வீட்டில் அப்படித்தான் திறப்பேன். அவர் கையைப் பார்த்தேன், என் கையை அவர் பார்த்தார். "எத்தனை வருஷம்?" என்று கேட்டார். அவர் வலங்கைமான் பக்கம். அவர்தான் தன் வாட்ஸாப் குழுவில் என்னைச் சேர்த்தார். முப்பத்தி நாலு பேர்தான் அதில். கும்பகோணம், திருத்துறைப்பூண்டி, பேராவூரணி, சீர்காழி என்று எல்லாம் நம் பக்கத்து ஆட்கள்.

ஆகவே ரிவ்யூ நாளில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் உங்களுக்கு முன்னால் அதே மாத்திரை வாங்குபவரைக் கவனியுங்கள். டோக்கன் போட்டுக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் தேடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அதில் கிடைக்காவிட்டால்தான் ஃபேஸ்புக், டெலிகிராம். ஃபேஸ்புக்கில் பிரைவேட் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். பொதுக் குழுவில் நீங்கள் எழுதுவதை உங்கள் ஓரகத்தியும் படிக்கலாம். வெளிநாட்டு ஆங்கிலக் குழுக்களில் தகவல் நிறைய உண்டு. ஆனால் அங்கே பேசும் மருந்து விலையும் காப்பீடும் நமக்கு ஒத்துவராது. நாற்று நடவுக்குக் குனிய முடியவில்லை என்று அங்கே யாரிடம் சொல்வது?

4. சேருமுன் நம்பர், பெயர், படம்

வாட்ஸாப் குழுவில் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் நம்பரை மறைத்துவைக்கலாம். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

வாட்ஸாப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் குரூப்ஸ் என்று இருக்கும். அதில் "மை கான்டாக்ட்ஸ்" என்று மாற்றிவிடுங்கள். முகம் தெரியாதவர்கள் உங்களை மருந்து விற்கும் குழுக்களில் இழுத்துப் போடுவது குறையும். புரொஃபைல் படத்தில் குழந்தைகள் வேண்டாம். பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் போதும். எங்கள் குழுவில் எல்லோரும் சீர்காழி அண்ணன், பேராவூரணி சார், வலங்கைமான் அக்காதான். நான் மன்னார்குடித் தங்கச்சி.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடும் முன் பெயர், முகவரி, ஆஸ்பத்திரி நம்பர், பார்கோடு நாலையும் மறையுங்கள். போனிலேயே கறுப்புக் கோடு போட்டு மறைப்பதைவிட, தாள்மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்துப் படம் எடுப்பது சுலபம். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, இவற்றின் படத்தை எந்தக் காரணத்துக்கும் குழுவில் போடாதீர்கள்.

கல்யாணமாகாத பெண்களுக்குத் தனியாக ஒன்று. நம் பக்கம் வரன் பார்க்கும் வீடுகளில் செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண் பேசியதை யாரோ வேறெங்கோ அனுப்பி, அது அவள் அத்தை வீடு வரை போனது. வியாதியை மறைத்துக் கல்யாணம் செய்யச் சொல்லவில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை அம்மாவின் நம்பரில் சேருங்கள், அல்லது டெலிகிராமில் நம்பரை மறைத்து இருங்கள்.

5. இரண்டு வாரம் பேசாமல் பாருங்கள்

யார் பதில் சொல்கிறார்கள், யாராவது "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றால் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், அட்மின் விளம்பரத்தை நீக்குகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். "டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று சொல்ல அங்கே ஆள் இருக்க வேண்டும். அப்படி ஒருவர்கூட இல்லாத குழுவில் இருக்காதீர்கள்.

நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். முதலில் சேர்ந்த ஒரு குழுவில் தினமும் "குணமானவர்கள்" பேசும் வீடியோ வரும். மிக அன்பாகப் பேசுவார்கள். பத்தாம் நாள் ஒருவர் தனியாக மெசேஜ் செய்து ஒரு மூலிகைப் பொடியைச் சொன்னார். மூன்று மாதப் பொடி 4,800 ரூபாய். ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் வேலை செய்யும் என்றார். நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் உடம்பு பறக்கிற மாதிரி இருந்தது. குறுவை அறுவடை சமயம், களத்தில்கூட நின்றேன். ஐந்தாவது வாரம் முகம் வீங்கியது, பொடியை விட்டதும் முழங்கை வரை பூட்டிக்கொண்டது. இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது என்று என் மருத்துவர் பிறகு சொன்னார். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அதனால் இவற்றைக் கண்டால் வெளியே வந்துவிடுங்கள்: "நூறு சதவீதம் குணம்" என்ற பேச்சு, மருந்தை நிறுத்தச் சொல்வது, முன்பணம், பொருள் பட்டியல் எழுதாத பாக்கெட், சேர்ந்த வாரத்திலேயே தனி மெசேஜ். இந்த வியாதியை அடக்கி வைக்க முடியும், பல வருஷம் நன்றாக வாழ முடியும். அடியோடு போக்கும் மருந்து இன்றைக்கு எந்த வைத்தியத்திலும் இல்லை. பணத்தை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றப் புகார் எண். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். நான் இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டிலேயே சொன்னேன்.

6. முதல் பேச்சு

எழுத வேண்டாம், வாய்ஸ் போடுங்கள். விரல் வலிக்கும்போது டைப் அடிப்பது கொடுமை. குழுவில் பாதிப் பேர் அதனாலேயே வாய்ஸ்தான் போடுவார்கள்.

ஒரு நிமிஷத்துக்குள் ஊர், வயது, வியாதி வந்து எத்தனை வருஷம், இன்றைக்கு எது கஷ்டம், இந்த நாலையும் சொல்லுங்கள். "எனக்கு ரொம்ப முடியலை" என்றால் பதில் வராது. "காலையில் காஸ் அடுப்பு லைட்டர் அழுத்த முடியலை, நீங்கள்லாம் என்ன பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பதில் வரும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு எனக்கு வந்தவை: குழாய்த் திருகைக் கழற்றிவிட்டு நீளப்பிடி மாட்டியது, கரண்டிக் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் சொருகியது, தோசை மாவு ஆட்டும்போது கல்லைத் தூக்காமல் சாய்க்கிற கிரைண்டர் வாங்கியது. கைப்பிடி ரப்பருக்கு எனக்கு நாற்பது ரூபாய் ஆனது. எந்த மருத்துவருக்கும் இதையெல்லாம் சொல்ல நேரம் இருக்காது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முன்பே எனக்கு ஒரு வாய்ஸ் வந்தது. பின்னால் சேவல் கூவுகிறது, தூரத்தில் மோட்டார் ஓடுகிறது. "மன்னார்குடித் தங்கச்சி, கை திறந்துச்சா?" அவ்வளவுதான். எங்கள் குழுவில் காலை வணக்கம் அதுதான். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

7. மருந்தைப் பற்றிக் கேளுங்கள், குழுவைக் கேட்டு மாற்றாதீர்கள்

இந்த வியாதிக்குப் பெரும்பாலோர் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிர் போகலாம். குழுவில் யாராவது "நான் நாலு மாத்திரை போடுறேன்" என்றால் அது வாரத்துக்கு நாலு. மாத்திரையின் அளவும் ஆளுக்கு ஆள் வேறு: இரண்டரை மில்லிகிராமும் உண்டு, பத்தும் உண்டு. எண்ணிக்கையை ஒப்பிடவே செய்யாதீர்கள். நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டு, மாத்திரை போட்டதும் அதன்மேல் கோடு இழுப்பேன். இதோடு தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை மருத்துவர் சொன்ன வேறு நாளில். கர்ப்பத்துக்கு முயல்கிறவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாது. அதை மருத்துவரிடம் வெளிப்படையாக, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த மாத்திரை வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நாலாவது வாரம் "ஒன்றுமே கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் பொடிக்காரர்களிடம் போய் மாட்டுகிறார்கள். அந்த வாரங்களைத் தாண்டத்தான் துணை வேண்டும். ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எனக்கு ஒரு தடவைக்கு 650 ரூபாய் ஆகிறது. இதே வியாதிக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் கண் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இதைக் குழுவிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

8. வீட்டில் சொல்லிவிடுங்கள்

"எந்நேரமும் போனு" என்ற பேச்சு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. நான் ஒரு நாள் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீர்காழிக்காரம்மா ஒருவர் தன் மருமகளைப் பற்றிப் போட்ட வாய்ஸை ஸ்பீக்கரில் போட்டேன். "அவ நடிக்கிறான்னு நெனச்சேன்மா. ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாம உள்ளேயே அழுதுக்கிட்டு நின்னா. அன்னையிலேர்ந்து நான் எதுவும் சொல்றதில்லை." அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் எழுந்து போவதற்குள் பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி வைத்திருந்தார். இன்றுவரை அதை அவர்தான் செய்கிறார்.

குழுவுக்கு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காலை அரை மணி, மத்தியானம் அரை மணி. ராத்திரி ஒன்பதுக்கு மேல் மியூட். இந்த வியாதிக்குத் தூக்கமும் மருந்துதான்.

9. கூட்டத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முப்பது பேரிடம் நட்பு வைக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு பேர் உங்களுக்கு என்று தெரிந்துவிடும். நானும் வலங்கைமான் அக்காவும் ரிவ்யூவை ஒரே நாளில் வைத்துக்கொள்கிறோம். அவர் முதலில் வந்து இரண்டு டோக்கன் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், ஆனால் இடம் பிடித்து வைப்பார். நான் வடுவூர் வழி பஸ்ஸில் வந்து சேர்வேன். பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான், புறநகர் பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நேரில் பார்ப்பதாக இருந்தால் ஆஸ்பத்திரி, பெரிய ஹோட்டல் மாதிரி நாலு பேர் புழங்கும் இடமாக வையுங்கள். வீட்டு ஆள் ஒருவர் கூட வரட்டும். படி அதிகம் உள்ள கோயில் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, வருகிற எல்லோருக்கும் அதுதான் கவலை.

கடன் மட்டும் வேண்டாம். கேட்கிறவர் உண்மையான கஷ்டத்தில்தான் இருப்பார். ஆனால் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதில் இரண்டு நல்ல ஆட்கள் பேசாமல் போனதை நான் பார்த்தேன்.

10. அட்டை, காப்பீடு: கேட்டது பாதி, சரிபார்ப்பது பாதி

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ. பார்த்து, மேலே போய் வர நாளாகும், ரிவ்யூவுக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. இது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் மாத்திரை வாங்க உதவாது. மாத்திரைச் செலவைக் குறைக்க அரசு மருத்துவமனை, மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மூன்றிலும் விசாரியுங்கள். எந்தக் கடையில் இந்த மாதம் இருப்பு இருக்கிறது என்று குழுவில் கேட்டால் அரை மணியில் தெரிந்துவிடும்.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றிக் குழுவில் வரும் பேச்சு பாதி தவறு. 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் முடக்குவாதம் என்ற பெயர் இல்லை. ஆனால் மூட்டு கோணி, நடையோ கைப்பிடியோ குறைந்திருந்தால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் மருத்துவக் குழு அளந்து சதவீதம் போடும். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. "நான் வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

11. மனசு தாங்காத நாளில்

ஒரு பெரியவர் எங்கள் குழுவில் தினமும் பேசுவார். நாலு நாள் வாய்ஸ் வரவில்லை. பிறகு அவர் மகன் அதே நம்பரிலிருந்து செய்தி போட்டார். இது நடக்கும். அப்போது ஒரு வாரம் விலகி இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று உங்களுக்கோ குழுவில் வேறு யாருக்கோ தோன்றினால் குழுவில் ஆறுதல் தேடிக்கொண்டிருக்காமல் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

12. ஐப்பசிக்கு முன் செய்து வைக்க வேண்டியது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. அப்போது எனக்கு இந்த வியாதி இல்லை. ஆனால் ஃபிரிட்ஜில் வைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்த குழு உறுப்பினர் ஒருவர் அந்த நாட்களைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

ஆகவே மழை தொடங்குமுன் மூன்று வார மாத்திரை கையிருப்பு வையுங்கள். சீட்டு, ரிப்போர்ட், அட்டைகளின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஊசி போடுகிறவர்கள் ஜெனரேட்டர் உள்ள மருந்துக்கடை எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன் அணைந்துவிட்டால் குழுவும் இல்லை. அதனால் உங்கள் இரண்டு ஆட்களின் நம்பர், தெரு, பக்கத்து வீட்டு நம்பர் எல்லாவற்றையும் தாளில் பேனாவால் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ரேஷன் கார்டோடு இருக்கிறது. விரல் நன்றாக இருந்த ஒரு மத்தியானத்தில் எழுதியது.